மரியபுஷ்பம் கொடுத்த தண்ணீர்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் புதிதாக ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. ஸ்டேப்ளரை விடக் கொஞ்சம் பெரிது. கைப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிடலாம். கிருமியின் மரபணுவை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுமாம். ஓய்வுபெற்றவர்களில் மூட்டுவலி இல்லாமல் மாடிப்படி ஏறக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதால் ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள். வெட்டினேன். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இந்த இயந்திரத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சரியாக நாலு வார்த்தை பேசினேன். கைதட்டினார்கள். பஜ்ஜி கொடுத்தார்கள்.

பஜ்ஜி தின்னும்போது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் வந்து, இது வருவதற்கு முன்னால் ஒரு ஊரில் நோய் பரவினால் எங்கிருந்து வந்தது என்று எப்படி அக்கா கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள். தப்பாகக் கண்டுபிடிப்போம் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் இரண்டு வருடப் படிப்பு, பிறகு தூத்துக்குடியில் முப்பத்து மூன்று வருட உத்தியோகம். முதல் பத்து வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை மூன்று வரியில் எழுதிவிடலாம். ஸ்டூல் சாம்பிளை முகம் சுளிக்காமல் வாங்க வேண்டும். அது ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்தாலும், ஊறுகாய் பாட்டிலில் வந்தாலும், ஒருமுறை வந்ததுபோல் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் வந்தாலும் வாங்க வேண்டும். வாங்கிய கையோடு பெயரை எழுதிவிட வேண்டும்.

மற்றதெல்லாம் எங்கள் தலைமை மருத்துவர் திருவேங்கடம் வந்த பிறகு கற்றது. ஆழ்வார்திருநகரிக்காரர். தினமும் காலை ரயிலில் வந்து இறங்குவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பச்சை மைப் பேனாவில்தான் எழுதுவார். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். கூட்டுகிற அம்மாவும் அவருக்கு 'வாங்க, போங்க'தான். அதில் தப்பில்லை. ஆனால் கிருமிகளையும் அப்படித்தான் சொல்வார். காலையில் வந்ததும் கிருமி வளர்க்கிற பிளேட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "ஜெசிந்தாம்மா, இவங்க நேத்து வரல்லையே, இன்னைக்கு வந்துட்டாங்களே" என்பார். காலரா வந்தால், "பெரியவங்க வந்திருக்காங்க" என்று குரலைத் தாழ்த்துவார். முதல் வாரம், யாரோ மேலதிகாரி வந்துவிட்டார் என்று நான் எழுந்து நின்றிருக்கிறேன்.

வேலைமுறையில் அவர் கல், அசையமாட்டார். ஒவ்வொரு ஆய்வகத்திலும் பெயர் தெரிந்த, குணம் தெரிந்த கிருமி ஒன்றை ஃப்ரிட்ஜில் வளர்த்து வைத்திருப்பார்கள். அதை வாரம் ஒருமுறை எடுத்து வளர்த்துப் பார்ப்போம். அது சரியாக வளர்ந்தால் எங்கள் பிளேட்டும் மருந்தும் சரி என்று அர்த்தம். அதற்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர். எங்களிடம் இருந்தது சால்மோனெல்லா. வயிற்றுப்போக்கு கொடுக்கும் வகை. திங்கட்கிழமை காலையில் அதை அவர்தான் எடுப்பார். வேறு யாரும் தொடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. எந்தச் சாம்பிளும் போடாமல் வெறும் உப்புநீரை மட்டும் ஒரு குழாயில் விட்டு மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டும். அதில் ஒன்றும் வளரக் கூடாது. வளர்ந்தால் கிருமி நோயாளியிடமிருந்து வரவில்லை, எங்களிடமிருந்து வந்திருக்கிறது. இதற்கு 'வெறும் குழாய்' என்று பெயர். நோட்டில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு. தினமும் வைத்து, பார்த்து, டிக் போட வேண்டும். வருடம் முழுக்க வைத்தாலும் ஒன்றும் வளராத குழாய் அது. அதைப் பார்ப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புன்னைக்காயலுக்குப் போகிற பாதையில் ஒரு கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். அங்கே பங்குத் திருவிழா முடிந்து ஞாயிற்றுக்கிழமை அசனம் போட்டார்கள். கறிக்குழம்பு, சோறு, ரசம். ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. திங்கள் மதியத்துக்குள் பாதி ஊருக்கு வாந்தியும் வயிற்றாலையும். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களில் ஏழு பேருடைய சாம்பிள் எங்களிடம் வந்தது. கூடவே வேறு வார்டுகளிலிருந்து வழக்கமாக வருகிற சளியும் சிறுநீரும் வந்தன. இரண்டு பேர் லீவு. நான் ஒருத்தி. மலத்தைக் கரைக்க உப்புநீர் வேண்டும். அதைப் பெரிய பாட்டிலிலிருந்து சின்னக் குழாய்களில் ஊற்றிப் பிரித்துக்கொண்டு, அந்தக் குழாயில்தான் கை வைக்க வேண்டும் என்பது விதி. சின்னக் குழாய்கள் கழுவப்படாமல் தொட்டியில் கிடந்தன. பெரிய பாட்டிலிலிருந்தே உறிஞ்சி உறிஞ்சி விட்டேன்.

வெறும் குழாய் வைக்கவில்லை. டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன். அந்த வாரம் முழுக்கப் போட்டேன்.

வியாழக்கிழமை ஏழு சாம்பிளிலும் சால்மோனெல்லா. ஏழுக்கு ஏழு. இப்படிச் சுத்தமாக ஒரு முடிவு என் வாழ்க்கையில் வந்ததில்லை. டாக்டர் பிளேட்டுகளை ஜன்னலில் வரிசையாகப் பிடித்துப் பார்த்து, "எல்லாரும் ஒரே குடும்பமா வந்திருக்காங்க" என்றார். ரிப்போர்ட் போனது. ஏழு பேருக்கும் மருந்து மாற்றினார்கள். சுகாதார ஆய்வாளர் பால்துரை அன்றைக்கே ஜீப்பில் போய், அசனத்துக்குச் சமைத்த மரியபுஷ்பத்தின் சமையல்கூடத்தைப் பூட்டி அரக்கு வைத்துவிட்டார். அரக்கு வைப்பதில் பால்துரைக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஒரு முத்திரை போதும் என்ற இடத்தில் மூன்று வைத்தாராம்.

மரியபுஷ்பம் அந்தக் கரையில் பெயர்பெற்ற சமையல்காரி. ஐந்நூறு பேர் பந்திக்குத் தனியாக நின்று சமைப்பவள். ஞாயிறு பூசையில் சாமியார், மறு அறிவிப்பு வரும்வரை ஊர் விசேஷங்களுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளும்படி வாசித்தார். அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்கு முன், வெள்ளிக்கிழமையே அவள் எங்களிடம் வந்துவிட்டாள். கையில் தூக்குவாளி. ஐம்பது வயதிருக்கும். கறுத்து, உயர்ந்து, பாய்மரம் மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏளா, நீதான் அந்த ரிப்போட்டு எழுதுனவளா?" என்றாள். நான்தான் என்றேன். தங்கை வீட்டு அடுப்பில் அதே கை, அதே மசாலா வைத்து குழம்பும் ரசமும் வைத்திருக்கிறாள். அதைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்றாள். அப்படிச் சோதிப்பதால் ஒன்றும் நிரூபணமாகாது என்று நான் சொல்லப்போனேன். டாக்டர் உள்ளே இருந்து வந்து, "வாங்கிக்கோங்க, ஜெசிந்தாம்மா" என்றார். அவர் யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்.

வாங்கினேன். சமையலுக்கு எடுக்கிற தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்றாள். அதற்கு எங்களுடைய சாம்பிள் பாட்டில் ஒன்று கேட்டாள். பிரிக்காத பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். வெளியே போனாள். பத்து நிமிடத்தில் தண்ணீரோடு திரும்பி வந்தாள். இவ்வளவு சீக்கிரம் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தண்ணீர் கொஞ்சமாக இருந்ததால் அதிலும், குழம்பு ரசத்தைப் போலவே, பெரிய பாட்டில் உப்புநீரைச் சேர்த்துப் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வாங்க வந்தாள். குழம்பில் சால்மோனெல்லா. ரசத்தில் சால்மோனெல்லா. தண்ணீரில் சால்மோனெல்லா. நான் எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னேன். அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணியிலயும் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"நல்லா பாத்தியளா?"

இரண்டு பிளேட்டில் போட்டுப் பார்த்தோம் என்றேன்.

"டாக்டரய்யாவும் பாத்தாரா? அவரு வாயால ஒருக்கச் சொல்லச் சொல்லு."

டாக்டர் வந்து சொன்னார். இருப்பதைத்தான் அம்மா சொல்கிறோம், தண்ணீரில் நிறையவே இருக்கிறது என்றார்.

அவள் மடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேஜைமேல் விரித்தாள். உள்ளே கழுத்து உடைந்த பிளாஸ்டிக் குப்பிகள் ஐந்து. ஊசி மருந்து கலக்குவதற்கு மெடிக்கல் ஷாப்பில் விற்கிற தண்ணீர். கூடவே எங்கள் எதிர்க்கடையின் பில், வெள்ளிக்கிழமைத் தேதியோடு.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆறு மாசம் வீட்டுலயே ஊசி போட்டோம். இந்தத் தண்ணியில ஒண்ணும் இருக்காதுன்னு அப்ப நர்சு சொல்லுச்சு. ஒங்க மாடிப்படியில நின்னு ஒடச்சு, ஒங்க பாட்டில்லயே ஊத்திக் குடுத்தேன். இதுல நான் எங்கன வந்து கிருமியப் போட்டேன், சொல்லுங்க."

டாக்டர் அந்தக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிளேட்டைப் பார்ப்பது போலவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துக் கைகூப்பினார். எங்கள் நோட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நாங்கள் செய்ய வேண்டியதை நீங்கள் செய்திருக்கிறீர்கள் என்றார். அவளுக்கு அது புரியவில்லை. எனக்கு நன்றாகப் புரிந்தது.

அவள் போன பிறகு டாக்டர் நோட்டைக் கேட்டார். அந்த வாரத்து டிக்குகளைப் பார்த்தார். எல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் போட்டவை. நோட்டை மூடி வைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உப்புநீர் பாட்டில் அதற்குள் காலியாகிக் கழுவப்பட்டிருந்தது. சோதிக்க வழியில்லை. பால்துரைக்குப் போன் செய்தோம். தண்ணீரில் ஏமாற்றினாள் என்றால் குழம்பிலும் ஏமாற்றியிருப்பாள், அரக்கை எடுக்கமாட்டேன் என்றார். எங்கள் பழைய சோதனைகளை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. கன்ட்ரோல் கிருமியும் இந்தக் கரையில் சாதாரணமாகக் கிடைக்கும் சால்மோனெல்லாவும் ஒரே வகை. முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

எழுத்தைப் பார்த்தால் பிரிக்கலாம். ஒவ்வொரு சால்மோனெல்லாவுக்குள்ளும் நாலே எழுத்தில் எழுதிய ஒரு புத்தகம் இருக்கிறது; ஏறத்தாழ ஐம்பது லட்சம் எழுத்து. கிருமி ஒன்று இரண்டாகும்போது புத்தகத்தையும் படியெடுக்கும். எப்போதாவது ஓர் எழுத்துப் பிழை விழும். அந்தப் பிழை பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். பிழைகளை ஒப்பிட்டால் யார் யாருக்கு நெருங்கிய சொந்தம், யார் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு வருகிற நம் பெரியவர்கள் வாயால் செய்வதை இயந்திரம் எழுத்தால் செய்கிறது. அப்போது அந்த இயந்திரம் வேறு ஊரில் பெரிய ஆய்வகம் ஒன்றில்தான் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும்.

நான்தான் பெட்டி கட்டினேன். நோயாளிகள் ஏழு, மரியபுஷ்பத்தினுடையவை மூன்று; பத்துக் குழாய் என்று எண்ணி வைத்தேன். டாக்டர் வந்து பதினோராவது குழாய் ஒன்றை வைத்தார். மேலே வெறும் எண் மட்டும். அது யார் என்று கேட்டேன்.

"அவங்களும் போய்ட்டு வரட்டும்" என்றார்.

இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பனிமய மாதா கோவிலில் போய் முழங்காலிட்டு, கிருமி மரியபுஷ்பத்தின் குழம்பிலிருந்தே வந்ததாக இருக்கட்டும், மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பாதி வேண்டுதலில், ஒருத்தி குற்றவாளியாக வேண்டும் என்று மாதாவிடமே சிபாரிசுக்கு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். மெழுகுவர்த்தி மட்டும் வாங்கியிருந்தேன். திரும்பிப் போய் அதை ஏற்றினேன், எதற்கென்று சொல்லவில்லை.

முடிவு வருவதற்கு முன்பே அந்தப் பெரிய ஆய்வகத்து விஞ்ஞானியிடமிருந்து போன் வந்தது. டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பிள்ளை மிகவும் மரியாதையானவர். பதினோரு கிருமியும் ஒன்றாகவே இருக்கிறது, ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை, ஒரே அசனத்தில் பரவியது என்றால் அதுகூட நடக்கக்கூடியதுதான் என்று தொடங்கினார்.

"ஆனா சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க ஃப்ரிட்ஜ்லயும் இருக்கு. எல்லா லேப்லயும் இருக்கிற கன்ட்ரோல் சார் இது."

டாக்டர் நன்றி சொல்லிப் போனை வைத்தார். பதினோராவது குழாயில் அவர் வைத்து அனுப்பியதும் அதுதான். நான் நின்றுகொண்டே, வெறும் குழாய் வைக்கவில்லை சார், டிக் மட்டும்தான் போட்டேன் என்றேன். தெரியும் என்றார். பிறகு தன்னுடையதைச் சொன்னார்: அந்தத் திங்கட்கிழமை ரயில் தாமதம், அவசரத்தில் கன்ட்ரோலைத் தொட்ட உறிஞ்சுகுழாயை நான்தான் பெரிய பாட்டிலுக்குள் விட்டுவிட்டேன். அது எனக்கு அப்போதே தெரியும், உப்புநீரில் என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன் என்றார். நாட்டுக்கே உப்பு கொடுக்கிற ஊரில் ஒரு பாட்டில் உப்புநீர் எங்கள் இரண்டு பேரையும் கவிழ்த்துவிட்டது.

இரண்டு பேரும் தனித்தனியாக மேலிடத்துக்குக் கடிதம் எழுதினோம். தவறு என்னுடையது என்று நான். தவறு தன்னுடையது என்று அவர், பச்சை மையில். மேலிடத்து கிளார்க் போன் செய்து, ஃபைலில் ஒருவர் பெயருக்குத்தான் இடமிருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவுசெய்து சொல்லுங்கள் என்றார். கடைசியில் இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. டாக்டருக்கு அது முதல் மெமோ. எப்படிப் பதில் எழுதுவது என்று என்னிடம் கேட்டார். எனக்கு அது ஐந்தாவது.

ஏழு பேருக்கு வேண்டாத மாத்திரை கொடுத்திருக்கிறோம், ஒரு அம்மாவின் அடுப்பை அணைத்திருக்கிறோம், கடிதம் போதாது என்று டாக்டர் சொன்னார். அறிவிப்பு எங்கே வாசிக்கப்பட்டதோ அங்கேயே திருத்தமும் வாசிக்கப்பட வேண்டும் என்பது மரியபுஷ்பத்தின் கட்டளை. சாமியார் சம்மதித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் டாக்டர் மைக் முன்னால் போய் நின்றார். நெற்றியில் திருமண், கையில் காகிதம். கோவில் நிறைய ஆள். நான் முன்வரிசையில் மரியபுஷ்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தப்பு சமையல்கார அம்மாவின் மேல் இல்லை என்று டாக்டர் தொடங்கினார். நல்ல தொடக்கம். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மனதிலிருந்து பேச ஆரம்பித்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க ரொம்ப வருஷமா இருக்காங்க. அவங்கள ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருப்போம். திங்கக்கிழமை மட்டும் நான் வெளிய எடுத்து, சூடான பெட்டியில ஒரு ராத்திரி வச்சிருப்பேன். காலையில நல்லா எழுந்து வந்துடுவாங்க. அன்னைக்கு என் கவனக்குறைவுல அவங்க வெளிய போய்ட்டாங்க. அவங்கதான் இவ்வளவுக்கும் காரணம்."

பெண்கள் பக்கம் இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் ஒரு கிழவர், பிணத்தையா ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறான்கள் என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். அந்த ஆள், பிணம் எப்படி எழுந்து வரும் என்று திருப்பிக் கேட்டார். சாமியார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன். கிருமியைச் சொல்லுகிறார், ஆய்வகத்துக் கிருமியைச் சொல்லுகிறார் என்றேன்.

"அப்ப கிருமின்னு சொல்ல வேண்டியதுதான" என்றார் கிழவர், கோவில் முழுக்கக் கேட்கும்படி. "அது என்ன சம்பந்தியா, மரியாத குடுக்கதுக்கு?"

கோவில் இடிய ஒரு சிரிப்பு. டாக்டரும் சிரித்தார், அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பு அடங்குவதற்குள், கையில் மைக் இருக்கும்போதே, டிக் போட்ட விஷயத்தை நானும் சொல்லிவிட்டேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பால்துரை அப்போதும் மசியவில்லை. சால்மோனெல்லா இல்லையென்றால் ஊருக்கு எதனால் வயிற்றாலை, அதைச் சொல்லுங்கள் என்றார். கேள்வி நியாயமானது. பதினோரு குழாயை அனுப்பிய அன்றைக்கே டாக்டர் மீதி மலச் சாம்பிள்களையும் வைரஸ் பார்க்க வேறொரு இடத்துக்கு அனுப்பியிருந்தார். அதன் முடிவு பத்து நாள் கழித்து வந்தது. நோயாளிகளிடம் இருந்தது வயிற்றுப்போக்கு வைரஸ் ஒன்று. சின்னப் புத்தகம், ஏழாயிரத்துச் சொச்சம் எழுத்து. அதே ஊர்ப் பையன் ஒருவன் அசனத்துக்கு இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தான். அவனுடைய சாம்பிளும் எங்கள் ஃப்ரீசரில் இருந்தது. அதிலும் அதே வைரஸ். மற்றவர்களுடையவை அவனுடையதிலிருந்து ஓரெழுத்து, ஈரெழுத்துதான் மாறியிருந்தன. அதாவது, மரியபுஷ்பம் அசனத்துக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன்பே நோய் ஊருக்குள் வந்துவிட்டது. விசாரித்ததில், அந்தப் பையன் முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற புதுநன்மை வகுப்புக்குப் போகிறவன். அங்கே முப்பது பிள்ளைகளுக்கும் தண்ணீர் குடிக்க ஒரே டம்ளர். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று சங்கிலி போட்டுப் பானையோடு கட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் அசனத்தில் இலை போட்டுப் பரிமாறியவர்கள்.

அதற்குப் பிறகுதான் பால்துரை அரக்கை உடைக்க வந்தார். டாக்டரும் நானும் போயிருந்தோம். மூன்று முத்திரையையும் உடைக்க அவருக்குச் சுத்தியல் தேவைப்பட்டது. மரியபுஷ்பம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆறு வாரத்தில் இரண்டு கல்யாணமும் ஒரு திருமுழுக்கும் வேறு சமையல்காரருக்குப் போயிருந்தன. டாக்டர் மறுபடியும் கைகூப்பினார். நான், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன்.

"வெறுந்தண்ணிய வச்சுப் பாக்கணும்னு ஒங்க நோட்டுல இருக்காமே?" என்று என்னிடம் கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

"நீ பாக்கல."

பார்க்கவில்லை என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தது, ஆனால் என்னை அளந்து பார்க்கிற மாதிரியும் இருந்தது.

"நானும் அவசரத்துல உப்பு பாக்காம கொழம்ப எறக்கியிருக்கேன், ஏளா. இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அதுக்காவ அடுத்தவ அடுப்ப நான் பூட்டல."

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து பழைய புகை வாசனையும் எலி வாசனையும் வந்தன. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வாசல மறைக்காம நவுந்து நில்லுங்கய்யா. வெளிச்சம் வரட்டும்."

நகர்ந்து நின்றோம்.